துடைத்த கை

கறுப்பு நிறக் காரை விரும்பி வாங்குவோர் பலர். அதனைக் காக்கும் வகை அறிந்தோர் சிலர். நான் அந்தப் பலருள் ஒருவனாக இருந்து, பொருளையும் காலத்தையும் இழந்த பின்னரே அந்தச் சிலரிடம் பாடம் கேட்கச் சென்றவன். வண்டியின் பூச்சைப் பற்றி எழுதுவதற்குத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி என்று படிப்போர் வினவக்கூடும். தகுதி ஏதுமில்லை, செய்த பிழை ஒன்று உண்டு. அப்பிழை காரோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

என் தந்தையார் டாக்சி ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட அவ்வண்டிகளை மூத்த சிங்கப்பூரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றை ஓட்டியவர்களே அவற்றிற்கு உரிமையாளர்களாகவும் இருந்தனர். தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1970ஆம் ஆண்டில் ‘கம்ஃபர்ட்’ என்னும் போக்குவரத்துக் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தது. அதன் பின்னர் நிறுவன வண்டிகள் பெருகின. தனி உரிமையாளர் ஒருவர் ஓய்வு பெறுந்தோறும் மஞ்சள் கூரை வண்டி ஒன்றும் சாலையை விட்டு மறைந்தது. இன்று அவற்றைக் காண்பதே அரிது.

1976ஆம் ஆண்டளவில் நாங்கள் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஏழு வயது. விடியுமுன் தந்தையார் வாளித் தண்ணீரைச் சுமந்துகொண்டு படியிறங்குவார். தொழிலுக்குப் புறப்படுமுன் வண்டியைக் கழுவுவதை ஒரு கடமையாகவே அவர் கொண்டிருந்தார். ஒரு நாள் அவருக்கு உதவும் ஆர்வத்தில், அவர் வருவதற்குள் பழைய வேட்டித் துண்டொன்றை எடுத்துப் பானெட்டைத் தேய்க்கத் தொடங்கினேன். இறங்கி வந்தவர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அடிக்கவில்லை. “முதல்ல தண்ணி, அப்புறந்தான் துணி. மண்ண வச்சுத் தேச்சா வண்டி என்னத்துக்கு ஆகும்?” என்று மட்டும் சொன்னார்.

அவ்வப்போது மெருகுக் குழம்பைத் தடவித் தேய்ப்பார். அப்போது வெள்ளைத் துணி கறுத்துப்போகும். “இன்னும் அழுக்கு வருதேப்பா?” என்று கேட்டேன். “அது அழுக்கு இல்லடா. வண்டி,” என்றார். அச்சொல்லின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அமைந்திருந்தன. ஆகவே மெருகேற்றும்போதெல்லாம் நிறமே தேய்ந்து துணியில் ஏறியது. தம் உழைப்பால் வாங்கிய வண்டியைத் தாமே சிறிது சிறிதாகத் துணியில் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைத் தந்தையார் அறிந்திருந்தார். அதனாற்றான் மெருகை அளவோடு செய்தார்.

இந்த இரண்டு பாடங்களையும் கேட்ட காதுகளோடுதான் நான் 2012ஆம் ஆண்டில் ஒரு கறுப்புக் காரை வாங்கினேன். தந்தையாரின் நினைவாகவே அந்நிறத்தைத் தேர்ந்தேன். சிராங்கூன் சாலையிலுள்ள ஒரு கோயிலில் பூசை செய்வித்தோம். பானெட்டின்மேல் இட்ட சந்தனமும் திருநீறும் மறுநாள் உலர்ந்து கிடந்தன. அவற்றை உலர்ந்த துணியால் வழித்தெடுத்தேன். குத்துவிளக்கைத் திருநீறு கொண்டு துலக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். திருநீறு தேய்க்கும் பொருள் என்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு புகைமூட்டம் வந்தது. சுமத்திராவில் எரிந்த காடுகளின் புகை நம் தீவை மூடிற்று. 2013 ஜூன் 21ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். காலையில் கார் நிறுத்துமிடத்திற்குச் சென்றால் வண்டியின்மேல் மெல்லிய சாம்பற்படலம் படிந்திருக்கும். கறுப்பின்மேல் சாம்பல் பளிச்சென்று தெரியும். ஆசிரியர்க்கு அழுக்கைப் பொறுக்கும் குணம் குறைவு. நான் கோழியிறகுத் துடைப்பத்தை எடுத்துத் தட்டுவேன். பின்னர் உலர்ந்த துணியால் வட்ட வட்டமாகத் துடைப்பேன். புகை விலகும்வரை ஒரு நாளும் தவறாமல் அதனைச் செய்தேன்.

புகை விலகி வெயில் அடித்த நாளில்தான் என் கைவேலையைக் கண்டேன். பானெட்டில் கதிரவனின் பிம்பம் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய வட்டக் கோடுகள் மின்னின. நான் நகர்ந்தால் அவ்வலையும் என்னோடு நகர்ந்தது. இவற்றைச் சுழற்கீறல்கள் எனலாம்.

இவை உண்மையில் வட்டங்கள் அல்ல. துடைத்த திசைகள் எல்லாவற்றிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நுண்கீறல்களே அவை. ஒளிவரும் திசைக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே விளக்கைச் சுற்றி வட்டமிட்டதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. இதனை அறியக் கார் வேண்டுவதில்லை. நாள்தோறும் துலக்கிய எவர்சில்வர் தட்டொன்றை விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தால் அதே வலை அதிலும் தெரியும்.

கீறலுக்குக் காரணம் துணியன்று. துணிக்கும் பூச்சுக்கும் இடையில் அகப்பட்ட துகள். மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7ஆம் இடத்தில் நிற்பது. காரின் பூச்சோ அதைவிட மிக மென்மையானது. அழுக்கின்மேல் உலர்ந்த துணியை வைத்து அழுத்துபவன் உப்புத்தாளைக் கொண்டு தேய்ப்பவனுக்குச் சிறிதே குறைந்தவன். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளைப் பரப்பு முழுவதும் ஒளியைச் சிதறச் செய்வதால் கீறலின் ஒளி அதில் கரைந்து போகிறது. கறுப்பு தன்மேல் விழும் ஒளியை விழுங்கிக்கொள்கிறது. ஆகவே கீறலின் ஒளி மட்டும் தனித்துத் தெரிகிறது. கறுப்பு எளிதிற் கெடும் நிறம் என்று சொல்வது பொருந்தாது. அது மறைக்க அறியாத நிறம்.

நான் என்ன செய்தேன்? கடையில் ஒரு புட்டி மெழுகை வாங்கித் தடவினேன். கோடுகள் மறைந்தன. சில மழைகளுக்குப் பின் மீண்டும் தோன்றின. மெழுகு கீறலின் பள்ளத்தை நிரப்பியதேயன்றி நீக்கவில்லை. மீண்டும் தடவினேன், மீண்டும் தோன்றின. இவ்வாறே ஆண்டுகள் கழிந்தன.

இங்கே காரைவிட்டுச் சிறிது விலக வேண்டும். வண்டி வாங்கியபோது என் மகளுக்கு எட்டு வயது. ஞாயிறுதோறும் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னோடு கீழே வருவாள். கழுவி முடிக்கும்வரை ஓயாமல் பேசுவாள், தமிழிலேயே பேசுவாள். நானோ என் கை துடைக்கும் வேகத்திற்கு ஈடாக அவள் பேச்சையும் துடைத்துக்கொண்டிருந்தேன். ‘வந்துச்சு’ என்றால் ‘வந்தது’ என்பேன். ‘பழம்’ என்பதை அவள் ‘பளம்’ என்றால் நிறுத்தச் சொல்லி மூன்று முறை சொல்ல வைப்பேன். ஒரு நாள் பள்ளியில் நடந்த வேடிக்கையொன்றைச் சொல்லத் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் நான் ஐந்து திருத்தங்களைச் செய்துவிட்டேன். வேடிக்கை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அறியாமற் செய்தேன் என்றும் சொல்வதற்கில்லை. தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டிலேயே, மாணவர் நாவில் தமிழ் வாழவேண்டுமாயின் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அதனைப் படித்தேன், பயிலரங்குகளில் பிற ஆசிரியர்க்கும் எடுத்துரைத்தேன். என் வீட்டுக் குழந்தை பேசிய பேச்சுத் தமிழை மட்டும் அழுக்கென்று கருதினேன். சில மாதங்களில் அவள் ஆங்கிலத்தில் விடையளிக்கத் தொடங்கினாள். பின்னர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப்பாடம் இருப்பதாகச் சொன்னாள். உயர்வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு வேலை மிகுதி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வாளியை நானே தூக்கினேன்.

2022ஆம் ஆண்டில் காரின் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடிவுற்றது. விலைக்கு அஞ்சிய போதிலும், தந்தையார் நினைவாக வாங்கிய வண்டியைக் கைவிட மனமின்றி அதனைப் புதுப்பித்துக்கொண்டேன். இன்னும் பல்லாண்டு ஓடவேண்டிய வண்டியாயிற்றே, கீறல்களை ஒருவழியாக நீக்கிவிடுவோம் என்று காக்கி புக்கிட் பகுதியிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். மெருகு வேலை செய்தவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். நான் ஆசிரியன் என்று அறிந்ததும் ஒரு மாணவனுக்கு விளக்குவதுபோல் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

முதலில் வண்டியைக் கழுவினார். பின்னர் ஆல்கஹால் கலந்த நீரால் பானெட்டின் ஒரு பகுதியைத் துடைத்தார். நான் ஆண்டுக்கணக்கில் பூசிவந்த மெழுகு நீங்கிற்று. மறைந்திருந்த கீறல்கள் அனைத்தும் வெளிப்பட்டன. “உள்ளத உள்ளபடி பாத்துட்டுத்தான் சார் கை வைக்கணும்,” என்றார். ஆழமான ஒரு கோட்டின்மேல் என் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் தட்டி நின்றது. “நகத்துல தட்டுனா அத விட்டுடணும் சார். அத எடுக்கப் போனா வண்டிக்குத்தான் கேடு.”

“மற்றக் கோடுகளையெல்லாம் எடுத்துவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “கோட்ட யாராலயும் எடுக்க முடியாது சார். கோடுங்கிறது பள்ளம். பள்ளத்த எப்படி எடுக்கிறது? சுத்தியிருக்கிற நல்ல இடத்தத்தான் தேச்சு, பள்ளத்தோட அடிமட்டத்துக்குக் கொண்டு வர்றோம். போறது பூராவும் நல்ல பெயிண்ட்டுதான்.”

இக்காலத்துக் கார்களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், வண்டியைக் காக்கும் பூச்சு ஒரு முடியைவிட மெல்லியது என்பது விளங்கும். ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் அதில் சில மைக்ரான் தேய்கிறது. தேய்ந்தது வளர்வதில்லை. ஆகவே ஒரு வண்டியை இத்தனை முறைதான் திருத்தலாம் என்னும் எல்லை, அது தொழிற்சாலையை விட்டு வரும்போதே அமைந்துவிடுகிறது. நிறமற்ற பூச்சு தேயும்போது துணி கறுப்பதுமில்லை. தந்தையாருக்குத் துணி உண்மையைக் காட்டிக்கொடுத்தது. எனக்கு அந்தச் சாட்சியும் இல்லை.

அவர் வேலை செய்த முறை என் கவனத்தை ஈர்த்தது. கருவியொன்றைப் பானெட்டின் பல இடங்களில் வைத்துப் பூச்சின் கனத்தை அளந்தார். பூச்சு மெலிந்திருக்கும் ஓரங்களில் ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்தார். எடுத்த எடுப்பில் முரட்டுக் குழம்பைத் தொடவில்லை. உள்ளங்கை இரண்டு அகலமுள்ள ஓரிடத்தில் மிக மென்மையான குழம்பையும் மென்பஞ்சு வட்டையும் கொண்டு முயன்று பார்த்தார். அதனால் முடியாதபோதுதான் அடுத்த படிக்குச் சென்றார். கோடுகளில் பெரும்பான்மை நீங்கியதும் நிறுத்திக்கொண்டார். இன்னும் சில தெரிகின்றனவே என்றேன். “இது போதும் சார். நூத்துக்கு நூறு வேணும்னு தேச்சா, அடுத்த தடவைக்கு ஒண்ணும் மிஞ்சாது,” என்றார்.

முப்பதாண்டு காலம் கட்டுரைகளைத் திருத்தியவன் நான். ஆசிரியப் பயிற்சியில் திருத்தும் முறைகளைக் கற்றவன். பின்னர்ப் பிறர்க்குக் கற்பித்தவன். திருத்துவதற்கு முன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மகளிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தாள். கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள், அப்படியானால் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் காரைப் பற்றித்தான் கேட்டாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த வினாவுக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை.

மெருகு இட்டவர் விடைபெறும்போது, வருமுன் காக்கும் வழிகளையும் சொல்லியிருந்தார். அவை எளியவை. வெயிலில் சுட்டுக்கிடக்கும் வண்டியைக் கழுவலாகாது. நீர் உலர்ந்து கறையாகும். துணி படுவதற்கு முன் தண்ணீர் பட வேண்டும். ஒட்டியிருக்கும் மண் தானே இறங்கும்வரை பூவாளியால் ஊற்றினாலும் போதும். வாளிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் சவர்க்கார நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்னரே சவர்க்கார நீரில் தோய்க்க வேண்டும். இல்லையேல் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவோம். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். மண் மிகுந்த அடிப்பகுதி இறுதியில். சக்கரத்திற்குத் தனித்துணி. தரையில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் தொடலாகாது. அழுத்தித் தேய்க்காமல் நேர்க்கோட்டில் மெல்ல இழுக்க வேண்டும். ஈரத்தைத் துவட்டும்போது நுண்ணிழைத் துணியைப் பரப்பின்மேல் விரித்து ஒற்றியெடுப்பது நன்று. மைனாவின் எச்சம் விழுந்திருந்தால் ஈரத்துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டலாகாது. உலர்ந்த இறகுத் துடைப்பத்தைத் தூர எறிந்துவிட வேண்டும்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் டன்லப் ஸ்திரீட்டில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தந்தையார் சொன்ன ஒரே வாக்கியத்தின் விரிவுரையாகவே தோன்றுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாளிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குச் சென்றேன். மகள் பின்னால் வந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள். எதற்காக வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தின் கழுவுமிடத்தில் நெடுநேரம் இருவரும் பேசாமல் வேலை செய்தோம். வண்டியின் மறுபக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

“அப்பா, தண்ணி முடிச்சிருச்சு.”

முடிந்தது என்பது தன்வினை. முடித்தது என்பது பிறவினை. தண்ணீர் எதனை முடித்தது என்று கேட்டு, இருவகை வினைக்கும் மூன்று எடுத்துக்காட்டுகள் தரும் ஆசிரியன் ஒருவன் என் நாவின் நுனியில் வந்து நின்றான். அவனை நிறுத்திக்கொள்வது எளிதாக இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த வாக்கியம் அது.

“முடிஞ்சிருச்சாம்மா? இரு, நான் பிடிச்சிட்டு வர்றேன்,” என்றேன்.

பிழையைச் சுட்டாமல், சரியான வடிவத்தை நம் விடையில் வைத்துத் தருவது பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தரும் முறைதான். அதனைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். என் வீட்டில் கையாண்டது அன்றுதான் முதன்முறை. துணிக்கு முன் தண்ணீர் என்பதும் அதுவே.

திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெருகே காணாத வண்டி மங்கித்தான் போகும். திருத்தமே காணாத மாணவனின் எழுத்தும் செம்மையுறாது. ஆயின் எழுதிய ஏட்டில் செய்யும் திருத்தம் வேறு. பேசும் வாயில் கைவைக்கும் திருத்தம் வேறு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் குறைந்துவரும் இந்நாட்டில், நம்மிடம் வரும் ஒவ்வொரு குழந்தையின் பேச்சுத் தமிழும் முடியைவிட மெல்லிய பூச்சு. அதில் மண் கிடக்கிறதென்று நாம் காண்பது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றினால் தானே இறங்கிவிடக் கூடியது. இளம் ஆசிரியர்கள் சிவப்பு மையை எடுக்குமுன் மென்மையான முறையை முதலில் முயன்று பார்க்க வேண்டும். நகத்தில் தட்டும் பழைய காயம் ஏதேனும் தெரிந்தால் விட்டுவிடவும் அறிய வேண்டும்.

என் காரின் பானெட்டில் இன்றும் சில கோடுகள் உள்ளன. மாலை வெயிலில் நன்றாகவே தெரிகின்றன. நான் அவற்றைத் தொடுவதில்லை. மகள் எல்லா ஞாயிறும் வருகிறாள் என்று சொல்ல முடியாது. வரும் நாட்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன்.